சுழலும் தட்டும் சுழலாச் சில்லும்

கணிப்பொறி வாங்கச் செல்லும் குடும்பத்தினரிடம் கடைக்காரர் இன்று தவறாது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஹார்டு டிஸ்க் போதுமா, எஸ்.எஸ்.டி. வேண்டுமா?" கேட்டவர் விடைக்குக் காத்திருப்பதில்லை. "எஸ்.எஸ்.டி.யே போட்டுக்கொள்ளுங்கள், வேகமாக இருக்கும்" என்று அவரே முடித்துவிடுகிறார். விலைச் சீட்டில் ஒரு வரி கூடுகிறது. குடும்பத் தலைவர் தலையசைக்கிறார். எதற்குத் தலையசைத்தோம் என்னும் ஐயம் வீடு திரும்பிய பின்னரே எழுகிறது. நம் வாசக அன்பர் பலருக்கும் இருக்கக்கூடிய இவ்வையத்தை இத்திங்கள் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

முன்னர் நம் இல்லங்களில் திருமணப் படங்கள் கனத்த அட்டைப் புத்தகத்தில் ஒட்டப்பட்டு, இடையிடையே மெல்லிய தாளிட்டு, பீரோவின் மேல்தட்டில் இருந்தன. நிலப்பத்திரமும் பள்ளிச் சான்றிதழும் தகரப் பெட்டியில் இருந்தன. கறையான் அரித்தால் கண்ணுக்குத் தெரிந்தது. மழைநீர் பட்டால் வெயிலில் உலர்த்தி, எஞ்சியதைக் காப்பாற்ற முடிந்தது. இன்றோ, பிள்ளையின் முதல் நடையும் பாட்டியின் குரலும் உள்ளங்கையளவான ஒரு கருவியில் அடங்கியுள்ளன. அது கெடும்போது அரித்த தடமும் இல்லை, ஈரத்தின் கறையும் இல்லை. பாதி மிஞ்சுவதும் அரிது.

ஆகவே கடைக்காரர் கேட்பது ஒரு கேள்வியாகத் தோன்றினும், உண்மையில் அஃது இரண்டு. எது விரைந்து பணி செய்யும் என்பது ஒன்று. எது நெடுநாள் காக்கும் என்பது மற்றொன்று. கடையில் கிடைக்கும் விடை முதற்கேள்விக்கு மட்டுமே உரியது. அவ்விடையையே இரண்டிற்கும் பொருத்திக்கொள்வதால்தான் பல இல்லங்களில் இழப்பு நேர்கிறது என்பது நம் கருத்து.

இராட்டினமும் காத்திருப்பும்

ஹார்டு டிஸ்க் என்னும் வன்தட்டே இவற்றுள் மூத்தது. 1956 ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐ.பி.எம். நிறுவனம் உலகின் முதல் வன்தட்டுடன் கூடிய 'ராமாக்' கணிப்பொறியை அறிவித்தது. கலிபோர்னியாவில், சான் ஓசே நகரத்து ஆய்வுக்கூடத்தில், ரேனால்டு ஜான்சன் என்பாரின் தலைமையில் அது உருவாயிற்று. 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் ஐம்பது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றன. எடை ஏறத்தாழ ஒரு டன். அத்துணைப் பெரிய பூதம் தன்னுள் கொண்டது 50 இலட்சம் எழுத்துகளை. இன்றைய கைபேசியில் எடுக்கும் படம் ஒன்றை அதில் வைத்தால் பெட்டி நிறைந்துவிடும்!

அளவு சுருங்கிவிட்டது, கொள்ளளவு இலட்சக்கணக்கான மடங்கு பெருகிவிட்டது. ஆயினும் அடிப்படை மாறவில்லை. அலுமினியம் அல்லது கண்ணாடியாலான தட்டின்மேல் காந்தப் பூச்சு. அப்பூச்சிலுள்ள நுண்துகள்கள் இத்திசையில் காந்தமேறியுள்ளனவா, அத்திசையிலா என்பதே எழுத்து. தட்டு சுழல, கைபோன்ற ஒரு தண்டின் நுனியிலுள்ள 'ஹெட்' என்னும் முனை அதனைப் படிக்கிறது. அம்முனை தட்டைத் தொடுவதில்லை. சுழற்சியால் எழும் காற்றின்மேல் மிதக்கிறது. மிதக்கும் உயரம் சில நானோமீட்டர். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்போ பல்லாயிரம் நானோமீட்டர். ஓடிக்கொண்டிருக்கும் வன்தட்டை மேசையிலிருந்து தவறவிடுவது ஏன் கூடாது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. இத்துணை நெருக்கமாக எழுதியதைப் படிக்கும் ஆற்றல் ஒரு பெரிய இயற்பியல் கண்டுபிடிப்பினால் வந்தது. காந்தப்புலத்தால் மின்தடை பெருமளவு மாறும் விளைவினை 1988 இல் பிரான்சின் ஆல்பர் ஃபெர், ஜெர்மனியின் பீட்டர் கிரூன்பர்க் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டனர். 2007 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வன்தட்டின் தாமதத்திற்குக் காரணம் யாது? ஊர்த் திருவிழாவில் சுழலும் குடை இராட்டினத்தை எண்ணிப் பாருங்கள். அதில் அமர்ந்திருக்கும் மகனிடம் ஒரு முறுக்கைக் கொடுக்க வேண்டும். அவன் இருக்கை நம்முன் வரும்வரை காத்திருத்தல் தவிர வேறு வழியில்லை. வன்தட்டும் அவ்வாறே. நிமிடத்திற்கு 7,200 சுற்று எனில் நொடிக்கு 120 சுற்று. வேண்டிய இடம் முனையின் கீழ் வந்துசேரச் சராசரியாக அரைச்சுற்றுக் காத்திருப்பு. ஒரு நொடியை ஆயிரம் கூறிட்டால் அதில் நான்கு கூறு. தண்டு உரிய தடத்திற்கு நகரும் நேரத்தையும் கூட்டினால் பன்னிரண்டு கூறளவு ஆகிறது. இது சிறிதெனத் தோன்றலாம். ஆயின் கணிப்பொறியைத் திறக்கும்போது, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அது படித்தாக வேண்டும். நொடிக்கு நூறு கோப்பைக்கூட எடுக்க இயலாத ஒன்று அப்பணியை முடிப்பதற்குள் அடுக்களையில் காப்பி கொதித்து இறக்கப்பட்டுவிடுகிறது.

கோடிட்ட குவளைகள்

எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் உறுப்பே இல்லை. உள்ளே இருப்பவை சில்லுகள் மட்டுமே. இச்சில்லின் தந்தை ஜப்பானியர். தோஷிபா நிறுவனப் பொறியாளரான ஃபுஜியோ மசுவோகா. 'ஃபிளாஷ்' நினைவகத்தை 1984 இல் அவர் அறிஞர் அவையில் வெளியிட்டார், இன்று எஸ்.எஸ்.டி., பென்டிரைவ், கைபேசி ஆகிய அனைத்திலும் வழங்கும் 'நாண்டு' வகையை 1987 இல் தந்தார். பெரும்பரப்பை ஒரே வீச்சில் அழிக்கும் அதன் இயல்பு நிழற்படக் கருவியின் மின்வெட்டொளியை நினைவூட்டியதால், உடன்பணியாற்றிய ஒருவர் அப்பெயரை இட்டார் என்பர்.

இச்சில்லினுள் கோடிக்கணக்கான நுண்ணறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் மின்கடத்தாச் சுவரால் சூழப்பட்டது. அதனுள் எலெக்ட்ரான்களை அடைத்துவிட்டால், மின்சாரம் நின்ற பின்னும் அவை அங்கேயே சிறையிருக்கும். எத்தனை அடைபட்டுள்ளன என்பதே எழுத்து. அறையைக் குவளையாகவும், எலெக்ட்ரான்களைத் தண்ணீராகவும் கொள்வோம். தொடக்கத்தில் குவளை நிறைந்ததா, வெறுமையா என்று மட்டுமே பார்த்தனர்; ஓர் அறைக்கு ஒரு பிட்டு. பின்னர், அதே குவளையில் அளவுக்கோடுகள் இட்டு நான்கு நிலைகளைப் பிரித்தறிந்தனர், இரண்டு பிட்டு. எட்டு நிலையாயின் மூன்று பிட்டு. பதினாறு நிலையாயின் நான்கு பிட்டு. இவற்றையே முறையே எஸ்.எல்.சி., எம்.எல்.சி., டி.எல்.சி., கியூ.எல்.சி. எனக் குறிக்கின்றனர். விலை குறைந்தமைக்குச் சிறப்பான காரணங்களுள் இதுவும் ஒன்று; குவளை ஒன்றே, கொள்ளும் செய்தி நான்கு மடங்கு.

ஆயின் குவளையில் பதினாறு கோடுகள் நெருங்கி நின்றால், சிறு கசிவும் ஒரு கோட்டை மற்றொன்றாகக் காட்டிவிடும். எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் சுவர் சிறிது நலிவதால் கசிவும் மிகுகிறது. பழைய ஒரு பிட்டு அறை இலட்சம் முறை வரை அழித்தெழுதத் தாங்கியது. மூன்று பிட்டு அறை ஏறத்தாழ ஆயிரம் முதல் மூவாயிரம் முறை தாங்கும். நான்கு பிட்டு அறை அதனினும் குறைவு. கருவியினுள் அமைந்த கட்டுப்பாட்டுச் சில்லு, ஒரே வயலில் ஓயாது விதைக்காமல் மாற்றி மாற்றி விதைக்கும் உழவனைப் போல, எழுத்தை எல்லா அறைகளுக்கும் பகிர்ந்து தேய்வைச் சமன் செய்கிறது.

இதனைக் கேட்டுச் சிலர் அஞ்சுவர். அச்சம் வேண்டா. நன்மதிப்புள்ள நிறுவனத்தின் 500 கிகாபைட் எஸ்.எஸ்.டி. ஒன்றின் உறுதிச் சீட்டில், 300 டெராபைட் எழுதும்வரை பொறுப்பு எனக் குறித்துள்ளனர். ஒரு டெராபைட் ஆயிரம் கிகாபைட். நாள்தோறும் 20 கிகாபைட் எழுதினாலும், அவ்வெல்லையை அடைய 15,000 நாள்கள், அதாவது 41 ஆண்டுகள் ஆகும். பல இல்லங்களில் நாளொன்றுக்கு அவ்வளவு எழுதுவாரும் இல்லை. எழுதித் தேய்ந்து மடியும் எஸ்.எஸ்.டி. அரிது. அது மடிவது வேறு காரணங்களால். அதனைப் பின்னர்க் காண்போம்.

விரைவு எவ்வளவு தேவை?

நான்கு கிகாபைட் அளவுள்ள ஒரு திருமண நிகழ்படத்தைப் படியெடுப்பதாக வைத்துக்கொள்வோம். நொடிக்கு 150 மெகாபைட் தரும் வன்தட்டிற்கு அரை நிமிடம் ஆகும். 'சாட்டா' இணைப்பிலுள்ள எஸ்.எஸ்.டி. நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட் தருவதால் எட்டு நொடி போதும். 'என்.வி.எம்.இ.' எனப்படும் புதிய வகை 3,500 முதல் 7,000 வரை தருவதாகப் பெட்டியில் அச்சிட்டுள்ளனர்; அதற்கு ஒரு நொடியளவே.

எண்களைக் கண்டதும் மிகப் பெரியதையே வாங்கத் தோன்றும். ஆயின் கடிதம் எழுதவும், வங்கிக் கணக்குப் பார்க்கவும், பிள்ளைகள் பாடம் படிக்கவும் பயன்படும் கணிப்பொறியில், சாட்டா எஸ்.எஸ்.டி.க்கும் என்.வி.எம்.இ.க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணால் உணர்தல் கடினம். வன்தட்டிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறுவதே பெரும் தாவல். அதற்குமேல் உள்ளவை சிறு படிகள். இராட்டினத்தின் காத்திருப்பு ஒழிந்ததே முதன்மை. நொடிக்கு எத்தனை மெகாபைட் என்பது அதற்கு அடுத்ததே. புதிய கணிப்பொறியில் என்.வி.எம்.இ. தானாகவே அமைந்திருந்தால் நன்று. அதற்கெனத் தனியே மிகுபணம் கொடுக்க வேண்டுவதில்லை.

இங்கு ஒரு பொறி உள்ளது. விரல் நீளப் பட்டையாக வரும் 'எம்.2' என்பது உருவத்தின் பெயரே தவிர வேகத்தின் பெயரன்று. அதே உருவத்தில் சாட்டாவும் உண்டு, என்.வி.எம்.இ.யும் உண்டு. ஒன்றிற்கென அமைந்த இடத்தில் மற்றொன்று இயங்காமற் போகலாம். கணிப்பொறியின் கையேட்டில் எது எழுதியுள்ளதோ அதனையே வாங்குதல் வேண்டும்.

எட்டுப் பத்து ஆண்டுகளான மடிக்கணிப்பொறி வீட்டில் உறங்கிக் கிடப்பின், அதனைப் பழைய பொருள் வாங்குவோரிடம் தள்ளுமுன் ஒன்று செய்து பார்க்கலாம். உள்ளேயுள்ள இரண்டரை அங்குல வன்தட்டை நீக்கி, அதே அளவுள்ள சாட்டா எஸ்.எஸ்.டி.யைப் பொருத்துவித்தால், அது மறுபிறவி எடுத்தது போலாகும். 'ராம்' என்னும் உடனடி நினைவகம் நான்கு கிகாபைட்டிற்குக் குறைவாயின் அதனையும் உயர்த்துதல் வேண்டும். மாணவர் உள்ள இல்லங்களுக்கு இதனினும் சிக்கனமான செலவு வேறில்லை என்போம்.

காப்பதில் எது சிறந்தது?

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். முதற்கேள்வியில் எஸ்.எஸ்.டி. ஐயமின்றி வென்றது. இதில் அவ்வாறில்லை.

எஸ்.எஸ்.டி.யில் எழுத்து என்பது அடைபட்ட எலெக்ட்ரான்களே என்றோம். மின்சாரமின்றி நெடுநாள் கிடந்தால் அவை மெல்லக் கசியும். வெப்பம் மிகுந்தால் கசிவும் விரையும். 'ஜெடெக்' என்னும் மின்னணுத் தொழிலமைப்பு வகுத்த தரவிதி ஒன்று உண்டு. எழுதும் ஆயுளை முற்றும் செலவிட்டுவிட்ட இல்லப்பயன் எஸ்.எஸ்.டி., மின்சாரம் இன்றி 30 பாகை செல்சியசில் ஓராண்டேனும் எழுத்தைக் காத்தல் வேண்டும் என்பதே அது. இது தேய்ந்து முடிந்த கருவிக்கு உரிய கீழெல்லை; புதிய கருவி இதனினும் மிக நீண்டகாலம் காக்கும். எனினும், பீரோவில் பூட்டிவைத்துப் பத்தாண்டு மறந்துவிடுவதற்கு ஏற்ற பொருள் அஃதன்று. நாள்தோறும் மின்சாரம் பெற்று உழைப்பதற்கே அது பிறந்தது.

வன்தட்டில் எழுத்து என்பது காந்தத் திசை. மின்சாரம் இல்லை என்பதற்காக அது கசிவதில்லை. ஆண்டுகள் பல நிற்கும். ஆயின் எழுத்து நிலைத்தாலும், அதனைப் படிக்கும் பொறி நிலைக்க வேண்டுமே! சுழற்றும் மோட்டார், தாங்கும் உருளை, மிதக்கும் முனை ஆகியவற்றுள் ஒன்று மக்கர் செய்தால் போதும். கீழே விழுதல் அதன் முதற்பகை. எஸ்.எஸ்.டி.யோ பையிலிருந்து விழுந்தாலும் பெரும்பாலும் கலங்குவதில்லை.

சாகும் முறையிலும் இரண்டும் வேறு. வன்தட்டு பெரும்பாலும் சொல்லிவிட்டே சாகிறது. வழக்கத்திற்கு மாறான 'டிக், டிக்' ஓசை எழும். கோப்பு திறக்கக் காலம் பிடிக்கும். சில படங்கள் பாதி சாம்பல் நிறமாய்த் தோன்றும். ஓசையைக் கேட்டவுடன் வேண்டியவற்றைப் படியெடுத்துவிட்டு அதனை நிறுத்திவிடல் வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பவர், கிடைக்கக்கூடியதையும் இழப்பர். எஸ்.எஸ்.டி.யில் கட்டுப்பாட்டுச் சில்லு பழுதுற்றாலோ நேற்று மாலை நன்றாயிருந்தது இன்று காலை கணிப்பொறிக்கே தெரியாமல் மறைந்துவிடும். ஓசை இல்லை, நோய் இல்லை. இரண்டிற்கும் 'ஸ்மார்ட்' எனப்படும் உடல்நலக் குறிப்பு உள்ளேயே பதிவாகிறது; 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' போன்ற இலவச மென்பொருள் அதனைக் காட்டும். பார்த்தல் நன்று, அதையே நம்பியிருத்தல் நன்றன்று.

குழந்தையின் கை தவறிக் கோப்பு அழிந்துபோகும் நிலையிலும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நூலகத்தில் அட்டவணைச் சீட்டைக் கிழித்துவிட்டாலும் நூல் அலமாரியில் இருக்குமன்றோ? வன்தட்டில் பொதுவாக 'அழி' என்பது சீட்டைக் கிழிப்பதே. அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை, மீட்பவர் கையில் கொடுத்து மீட்கலாம். எஸ்.எஸ்.டி.யிலோ, 'டிரிம்' என்னும் கட்டளையால் கணிப்பொறி அச்செய்தியை உடனே கருவிக்குத் தெரிவிக்கிறது; கருவி ஓய்வு நேரத்தில் அவ்வறைகளைத் தானே துடைத்துவிடுகிறது. விண்டோஸ் 7 வெளிவந்த 2009 முதல் இது வழக்கில் உள்ளது. கணிப்பொறியினுள் பொருத்திய எஸ்.எஸ்.டி.யில் அழிந்ததை மீட்டல் பெரும்பாலும் இயலாது. குப்பைத் தொட்டியை வெறுமையாக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தல் அதனால் இன்றியமையாதது.

அமெரிக்காவில் பிறர் கோப்புகளைச் சேமித்துத் தரும் பேக்பிளேஸ் என்னும் நிறுவனம், தன்னிடம் ஓடும் வன்தட்டுகளின் பழுதுக் கணக்கை 2013 முதல் வெளியிட்டு வருகிறது. ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டளவு பழுதாகின்றன என்பது அக்கணக்கின் பொதுநிலை. குளிரூட்டிய கூடத்தில், யாரும் கைதவறி விழச்செய்யாத இடத்தில் கிடைத்த எண் அது. நம் வீட்டு மேசையில் அதனினும் மிகும் என்றே கொள்ளல் வேண்டும்.

வன்தட்டிலும் ஒரு வகைவேறுபாட்டைச் சொல்லாது விடுதல் முறையன்று. கூரையில் ஓடு வேய்வோர் ஒன்றின் விளிம்பின்மேல் அடுத்ததை ஏற்றி வேய்வர். இடையில் ஓர் ஓட்டை மாற்ற, மேலுள்ளவற்றையும் நீக்க வேண்டும். இவ்வாறே தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும் முறை 'எஸ்.எம்.ஆர்.' எனப்படும். கொள்ளளவு கூடும், அடிக்கடி மாற்றி எழுதினால் ஆமைநடை. 2020 இல், இவ்வகைத் தட்டுகளைப் பெட்டியில் குறிப்பிடாமலே விற்றது வெளியாகிப் பெரும் பூசல் எழுந்தது. அதன் பின்னரே சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் எவ்வெவை அவ்வகையின எனப் பட்டியலிட்டன. உலகில் வன்தட்டு செய்வோர் இம்மூவரே என்பதையும் கருதுக. 2011 அக்டோபரில் தாய்லாந்தின் அயுத்தயா வட்டாரத் தொழிற்சாலைகளில் வெள்ளம் புகுந்தபோது, உலகெங்கும் வன்தட்டின் விலை ஏறியது. மீண்டும் ஓட்டிற்கு வருவோம். ஒருமுறை எழுதி எடுத்துவைக்கும் குடும்பப் படங்களுக்கு ஓடு வேய்ந்த முறையால் தீங்கில்லை. கணிப்பொறியினுள் நாளும் உழைக்கவே அது ஏற்றதன்று.

பென்டிரைவும் சிறு அட்டையும்

பென்டிரைவும் நினைவக அட்டையும் எஸ்.எஸ்.டி.யின் ஏழை உறவினர். சில்லு அதே குடும்பத்தது. ஆயின் தேய்வைச் சமன் செய்யும் அறிவுடைய கட்டுப்பாட்டுச் சில்லு அவற்றில் எளிமையானது, சில்லும் பெரும்பாலும் தாழ்ந்த தரத்தது. ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லும் பை அது, பெட்டகமன்று. திருமணப் படங்களை ஒரே ஒரு பென்டிரைவில் பெற்று, அதனையே மேசை இழுப்பறையில் போட்டுவைப்போர் உடனே அதனைப் படியெடுத்தல் நலம்.

நடைபாதையிலும் இணையக் கடைகளிலும் இரண்டு டெராபைட் பென்டிரைவ் என மிக மலிவாக விற்பனவற்றுள் மோசடிப் பொருள்கள் உண்டு. உள்ளே இருப்பது 16 அல்லது 32 கிகாபைட்டே. கணிப்பொறியிடம் இரண்டு டெராபைட் எனப் பொய் கூறுமாறு மாற்றியிருப்பர். நிறைந்தபின் எழுதுவன யாவும் காற்றில் எழுதியவையே. 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்னும் இலவச மென்பொருளால் முழுதும் எழுதிப் படித்துச் சோதித்தால் குட்டு வெளிப்படும். அதே வேளையில் நேர்மையான கடைக்காரரை ஐயுறவும் வேண்டா. ஒரு டெராபைட் எனப் பெட்டியில் கண்டதை விண்டோஸ் 931 கிகாபைட் எனக் காட்டும். செய்வோர் ஆயிரத்தால் பெருக்குகின்றனர். விண்டோஸ் 1,024 ஆல் வகுக்கிறது. மரக்காலுக்கு மரக்கால் அளவு வேறுபட்ட கதைதான், குறைந்தது ஒன்றுமில்லை.

"எல்லாம் கூகுளில் இருக்கிறது" என்போரும் உளர். அங்கும் அவை வன்தட்டிலும் எஸ்.எஸ்.டி.யிலுமே உள்ளன, பிறர் காக்கின்றனர் என்பதே வேறுபாடு. நன்றாகவே காக்கின்றனர். ஆயின் நிழற்படங்களுக்கு அளவின்றி அளித்த இலவச இடம் 2021 ஜூன் முதல் நின்றுவிட்டது. இரண்டாண்டு தொடாத தனிநபர் கணக்குகள் நீக்கப்படலாம் என 2023 இல் அறிவித்தனர். இதனை நம் இல்லங்களோடு பொருத்திப் பாருங்கள். தந்தையார் இறந்தார், அவர் கைபேசியின் கடவுச்சொல் எவருக்கும் தெரியாது, படங்கள் யாவும் அவர் கணக்கில். துயரம் தணிந்து, இரண்டாண்டு கழித்துத் தேடும்போது அவை இல்லாதிருக்கக்கூடும். செயலற்ற கணக்கை இன்னாரிடம் ஒப்படைக்க என முன்னரே எழுதிவைக்கும் ஏற்பாடு அக்கணக்கிலேயே உண்டு. பெரியோர் இருக்கும்போதே அவர்களை அமர்த்தி அதனைச் செய்வித்தல் வேண்டும். அவர்தம் படங்களை வீட்டு வன்தட்டிற்கும் இறக்கிவைத்தல் வேண்டும்.

ஆகவே நம் பரிந்துரை இது. கணிப்பொறியினுள் உழைப்பதற்கு எஸ்.எஸ்.டி.; 500 கிகாபைட் ஒரு குடும்பத்திற்குப் போதும். காப்பதற்கு, யு.எஸ்.பி. வழி இணைக்கும் வெளி வன்தட்டுகள் இரண்டு, வெவ்வேறு நிறுவனத்தன. எஸ்.எஸ்.டி. வாங்கும் விலையில் அதனினும் பன்மடங்கு கொள்ளளவு கிட்டும் என்பதால், இங்கு வேகத்திற்குப் பணம் கொடுப்பது வீண். ஒன்று நம் பீரோவில். மற்றொன்று வேறு தெருவிலோ வேறூரிலோ உள்ள தமக்கை வீட்டில். தீயும் வெள்ளமும் திருட்டும் ஒரே நாளில் இரு வீட்டிற்கும் வருதல் அரிது. படியெடுத்தவுடன் இணைப்பைக் கழற்றிவிடுதல் மிக இன்றியமையாதது. 2017 மே மாதம் 'வான்னகிரை' என்னும் கொள்ளை மென்பொருள் உலகெங்கும் பரவி, அகப்பட்ட கணிப்பொறிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்டது. அத்தகையவை கணிப்பொறியோடு இணைந்திருக்கும் வெளித்தட்டையும் விடுவதில்லை. கழற்றிவைத்த தட்டை அவற்றால் தீண்டமுடியாது.

ஆண்டிற்கொருமுறை இரண்டையும் இயக்கி, சில படங்களைத் திறந்து பார்த்தல் வேண்டும். ஐந்தாறு ஆண்டு கடந்தபின் புதிய தட்டிற்கு மாற்றுதல் வேண்டும். பழையதை எறியாது மூன்றாம் படியாக வைக்கலாம். மாற்றுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1986 இல் பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனமான பி.பி.சி., 1086 இல் எழுந்த 'டூம்ஸ்டே' நாட்டுக் கணக்கேட்டின் 900 ஆம் ஆண்டு நினைவாக, பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களின் பங்களிப்போடு புதிய கணக்கேடு ஒன்றை லேசர் தட்டுகளில் பதித்தது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அத்தட்டைப் படிக்கும் பொறிகள் அருகிவிட்டன. ஆய்வாளர்கள் அரும்பாடுபட்டே அதனை மீட்டனர். தோலில் மையால் எழுதிய பழைய ஏடோ இலண்டனின் கியூ ஆவணக் காப்பகத்தில் இன்றும் உள்ளது. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் ஃபிளாப்பியையும் குறுந்தகட்டையும் செருகுவதற்கு இன்றைய மடிக்கணிப்பொறியில் இடம் எங்கே? இயன்றோர் இயலும்போதே அவற்றிலுள்ளதை இறக்கிக்கொள்க. மிகச் சிறந்த படங்கள் ஐம்பதைத் தாளில் அச்சிட்டு வைத்தலும் பழைமைப் போக்கன்று.

இறுதியாக, பழைய கணிப்பொறியை விற்குமுன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. அதிலுள்ள ஆதார் படியும் வங்கித் தாளும் வாங்குவோர் கையில் சிக்குதல் கூடாது. வன்தட்டாயின், முழுப்பரப்பையும் ஒருமுறை சுழியத்தால் நிரப்புமாறு மென்பொருளைப் பணித்து, இரவு முழுதும் ஓடவிடுக. எஸ்.எஸ்.டி.யாயின் அம்முறை பொருந்தாது. தேய்வைச் சமன் செய்யும் சில்லு சில அறைகளை மறைத்து வைத்திருக்கும். அதற்கெனச் செய்த நிறுவனமே தரும் 'செக்யூர் எரேஸ்' கட்டளையை இயக்குதல் வேண்டும். சில மணித்துளியில் முடியும். இயங்காமற் போன தட்டாயின் தச்சரிடம் கொடுத்துத் துளையிடச் செய்யலாம். வன்தட்டிற்கு நடுத்தட்டை ஊடுருவும் துளைகள் மூன்று நான்கு போதும். எஸ்.எஸ்.டி.க்கு மேலுறையைக் கழற்றி, உள்ளிருக்கும் கருஞ்சில்லுகள் ஒவ்வொன்றின்மேலும் துளை விழுந்ததா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும்.